ஆர்டர் இல்லாத நாளில் இறாலை யார் எடுப்பது?

2021-ல் புரட்டாசி முதல் சனிக்கிழமை. இன்னும் விடியவில்லை. பழவேற்காடு படகுத் துறையில் என் தாய்மாமா 22 கிலோ வெள்ளை இறாலோடு நின்றார். ராத்திரி முழுக்க ஏரியில் கிடந்து பிடித்தது. ஒரு அடுக்கு ஐஸ், ஒரு அடுக்கு இறால் என்று நான் சொல்லிக்கொடுத்தபடியே இரண்டு தெர்மாகோல் பெட்டிகளில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். ஐந்து மணிக்கு வர வேண்டிய வேன் வரவில்லை. ஐந்தேகாலுக்கு என் போனில் செய்தி வந்தது: இன்று கொள்முதல் இல்லை.

புரட்டாசியில் சென்னையில் எத்தனையோ வீடுகளில் கவிச்சி சமைக்க மாட்டார்கள். அதிலும் சனிக்கிழமை. துறையில் ஐஸ் உடைக்கிற பையனுக்கும் இது தெரியும். நான் வேலை பார்த்த ஆன்லைன் மீன் கம்பெனி அதைக் கணக்கில் வைத்திருக்கவில்லை.

“இன்னா பாப்பா, இத்த இப்போ இன்னா பண்றது?” என்று மாமா கேட்டார். கோபம் இல்லை அந்தக் குரலில். எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை. பெட்டியின் மூலையில் ஐஸ் தண்ணீர் ஒழுக ஆரம்பித்திருந்தது. இறால் யாருக்காகவும் காத்திருக்காது. தலை கறுக்க ஆரம்பித்தால் விலை விழுந்துவிடும்.

கடைசியில் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு பழைய வியாபாரியிடமே போனோம். ஐந்து வாரமாக அவருக்கு மாமா ஒரு கிலோகூடப் போடவில்லை. அவர் மூடியைத் திறந்தார். அடியிலிருந்து ஓர் இறாலை எடுத்துத் தலையைக் கிள்ளிப் பார்த்தார், முகர்ந்தார். “எடை போடு” என்றார். கிலோவுக்கு 40 ரூபாய் குறைத்துத்தான் போட்டார். ஆனால் எடுத்துக்கொண்டார், 22 கிலோவையும். காசு அங்கேயே கைக்கு வந்தது. அவருக்கும் அன்றைக்குப் புரட்டாசி சனிக்கிழமைதான். ஐஸில் வைத்துக் காத்து, திங்கட்கிழமை ஏற்றுமதி ஏஜெண்டுக்கு அனுப்பினார்.

அதற்குப் பிறகு மாமா என் செயலிப் பக்கம் வரவே இல்லை.

நான் பசியாவரத்தில் பிறந்தவள். பழவேற்காடு ஏரிக்குள் இருக்கிற ஊர். அப்போது பாலம் கிடையாது; பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரேஷன் அரிசி எதுவானாலும் படகில்தான். பொன்னேரியில் பி.காம். படித்தேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டபோது மீன் மார்க்கெட்டுகள் மூடிக் கிடந்தன; நகரத்து வீடுகள் போனில் மீன் வாங்கப் பழகிக்கொண்டன. அடுத்த வருஷம் ஒரு சென்னைக் கம்பெனி என்னைக் களப் பணியாளராகச் சேர்த்துக்கொண்டது. எங்கள் பக்கத்து மீனவர்களை அந்தச் செயலிக்கு முதல் சப்ளையர்களாகக் கொண்டுவருவதுதான் என் வேலை.

புதிதாக ஆன்லைன் சந்தை தொடங்குகிற எல்லோருக்கும் இருக்கிற சிக்கல் இது. சரக்கு இல்லாமல் வாங்குகிறவர் வர மாட்டார், வாங்குகிறவர் இல்லாமல் சரக்கு வராது. பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்பார்களே, அந்த மாதிரி. இதற்குக் கம்பெனி கண்ட வழி, கிலோவுக்கு 40 ரூபாய் கூடுதல் விலை. அதைச் சொல்லி இரண்டு வாரத்தில் 43 பேரைப் பதிவு செய்தேன். திண்ணை திண்ணையாக உட்கார்ந்து ஆதாரைப் படம் எடுத்தேன், பாஸ்புக்கைப் படம் எடுத்தேன். தொடர்ந்து மீன் போட்டவர்கள் ஆறு பேர். அந்த ஆறில் ஒருவர் என் மாமா.

மீதி 37 பேரும் ஏமாற்றவில்லை. கூப்பிட்டது அவர்கள் வீட்டுப் பெண் என்பதற்காகப் பெயர் கொடுத்தார்கள். பிடித்த மீனை வேறு இடத்தில் போட அவர்களால் முடியாது.

ஏன் என்றால் அட்வான்ஸ். எங்கள் ஏரியில் வலை வாங்க, இன்ஜின் பழுது பார்க்க, பெண்ணுக்குக் கல்யாணம் செய்ய, நடுராத்திரியில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பொன்னேரிக்கு ஆட்டோ வைக்க, எல்லாவற்றுக்கும் பணம் வருவது வியாபாரியிடமிருந்து. அந்தப் பணத்துக்கு வட்டி என்று தனியாக எழுத மாட்டார்கள். பிடிக்கிற மீன் முழுக்க அவருக்கே போக வேண்டும், அவர் சொல்கிற விலைக்கு. வட்டி அதற்குள் இருக்கிறது. என் அப்பா ஒரு வலைக்கும் ஒரு இன்ஜினுக்கும் வாங்கிய அட்வான்ஸ் ஒன்பது வருஷம் ஓடியது. பாக்கி எவ்வளவு என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. நோட்டு அவரிடம் இருந்தது. நான் பி.காம். முடித்த வருஷம் அந்த நோட்டைக் கேட்டு வாங்கிக் கூட்டிப் பார்த்தேன். அசல் எப்போதோ அடைந்துவிட்டிருந்தது.

எனவே வியாபாரிக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அந்தக் கட்டு அறுபட வேண்டும் என்று நினைக்கிறவர்களில் நான் ஒருத்தி. ஆனால் 11 மாதம் அந்த வேலையைப் பார்த்த பிறகு எனக்கு ஒன்று உறுதியாகத் தெரிந்தது. கூடுதல் விலை சொன்னால் ஆள் வந்துவிடுவார் என்று நினைப்பவர்கள் வியாபாரி செய்கிற வேலையில் பாதியைப் பார்க்கவே இல்லை. அவர் மீன் வாங்குகிறவர் மட்டும் இல்லை. ஐஸ் தருகிறார். சின்னதும் பெரியதும் கலந்து வந்தாலும் மொத்தமாக எடுக்கிறார். சாயங்காலத்துக்குள் காசு தருகிறார். புயல் எச்சரிக்கை வந்து படகு இறங்காத வாரத்திலும், கோடையில் முகத்துவாரம் தூர்ந்து ஏரித் தண்ணீரில் உப்பேறி வரத்துக் குறையும்போதும், அரிசிக்குப் பணம் தருகிறார். புதிதாக ஒரு சந்தை வந்தால் இந்தச் சுமைகளில் எதையெல்லாம் தன் தோளுக்கு மாற்றிக்கொள்ளப் போகிறது என்பதுதான் மீனவர் கேட்கிற கேள்வி. வாயால் கேட்க மாட்டார். வராமல் இருப்பார், அவ்வளவுதான்.

நண்டில் நடந்ததைச் சொல்கிறேன். பழவேற்காட்டுச் சேற்று நண்டு உயிரோடு விற்கிற சரக்கு. கொடுக்கை மடக்கிக் கயிறு கட்டி, ஈரச் சாக்கில் அடுக்கி அனுப்புவோம். துறையில் வியாபாரி ஒவ்வொரு நண்டாகத் திருப்பி, வயிற்றுப் பக்க ஓட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். அமுங்கினால் அது தண்ணி நண்டு. சமீபத்தில் ஓடு கழற்றியது, உள்ளே சதை பிடித்திருக்காது. அதை ஒதுக்கிவிடுவார், அல்லது விலை குறைப்பார். கொடுக்கு ஒன்று ஒடிந்திருந்தால் அதற்குத் தனி விலை. கண்ணெதிரே நடக்கிறது, பிடிக்காவிட்டால் அங்கேயே சண்டை போடலாம். எடுத்த பிறகு வழியில் நண்டு செத்தால் அது அவர் நஷ்டம்.

எங்கள் கம்பெனியில் தரம் பார்ப்பது சென்னையில். 60 கிலோமீட்டர் தாண்டி, மத்தியானத்துக்கு மேல். ஏற்றியபோது கொடுக்கை அசைத்துக்கொண்டிருந்த நண்டு, சாயங்காலம் வாட்ஸப்பில் செத்த படமாக வரும். எடை குறைவு என்று ஒரு கழிப்பு வரும். உயிர் நண்டு தண்ணீரைவிட்டு எடுத்தால் எடை குறையத்தான் செய்யும், துறையில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் குறைவை யார் தாங்குவது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது, ஆங்கிலத்தில் இருந்தது. பிடித்தவர் தலையில்தான் விழுந்தது. ஒரு அண்ணன் என்னிடம் வந்து, “செத்தது என் நண்டுதான்னு எப்டிம்மா தெரியும்?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. மறுநாளிலிருந்து நண்டு வரவில்லை.

பதிவுப் படிவத்தில் ‘தினசரி எத்தனை கிலோ’ என்று ஒரு கட்டம் இருந்தது. நிரப்பாமல் அடுத்த பக்கம் போகாது. இந்த ஏரியில் அந்தக் கேள்விக்கு யாரால் பதில் சொல்ல முடியும்? அமாவாசை, பௌர்ணமி, தண்ணீர் ஏற்றம், வற்றம், முகத்துவாரம் திறந்திருக்கிறதா என்பதைப் பொறுத்தது வரத்து. அதற்கு மேல் பாடு இருக்கிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் யார், எந்த இடத்தில், எந்த முறைக்கு வலை கட்டுவது என்று தலைக்கட்டு வைத்து ஊரே தீர்மானிக்கிற பழைய ஏற்பாடு அது. முறை வந்த நாளில் ஒரு வீட்டில் அள்ளிக் கொட்டும். மறுநாள் குழம்புக்குக்கூடக் கிடைக்காது. ஒரு ஆளிடம் தினமும் பத்து கிலோ கேட்டால் அவர் பொய் சொல்லித்தான் ஆக வேண்டும். ஊரிடம் கேட்டால் உண்மையான பதில் கிடைக்கும்.

செயலியோடு வருகிறவர்கள் கேரளத்து மத்தி மீனவர் கதையைச் சொல்வார்கள். என் மேலதிகாரியும் முதல் நாளே சொன்னார். 1997 முதல் 2001 வரை வடகேரளக் கடற்கரைக்குச் செல்போன் வந்த காலத்தை ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார அறிஞர் ஆராய்ந்தார். கடலிலிருந்தே விலை கேட்டுக் கரை மாற்ற முடிந்ததால் மீனவரின் லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது, வாங்குகிறவருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது, விற்காமல் மீனைக் கொட்டுவது நின்றது என்று 2007-ல் எழுதினார். நல்ல ஆய்வுதான். ஆனால் பிறகு ஜானகி ஸ்ரீனிவாசன், ஜென்னா பரெல் என்ற இரண்டு பேர் கேரளத்துக்குப் போய் அதே விஷயத்தைத் திரும்பப் பார்த்தார்கள். ஏலத் தரகரிடம் கடன் வாங்கியவருக்கு, வேறு கரையில் விலை அதிகம் என்ற தகவல் கையில் இருந்தும் அதனால் பெரிய பயன் இல்லை என்பதை அவர்கள் எழுதினார்கள். இதை என் மாமாவிடம் கேட்டிருந்தால் ஆய்வு செய்யாமலே சொல்லியிருப்பார்.

கட்டை அறுத்தவர்களும் அதே கேரளத்தில் இருக்கிறார்கள். திருவனந்தபுரம் பக்கத்தில் மரியநாடு என்ற கடற்கரை ஊர். 1960-களின் இறுதியில் அங்கே மீனவர்கள் ஒன்றுசேர்ந்து, தங்கள் மீனைத் தாங்களே கரையில் ஏலம் விட ஆரம்பித்தார்கள். அதோடு நிற்கவில்லை. சங்கம் வழியாக மீனவருக்குக் கடன் கிடைக்க வழி செய்தார்கள். தினசரி விற்பனையில் ஒரு பங்கு கடனுக்கு, ஒரு பங்கு சேமிப்புக்கு என்று பிடித்தார்கள். அதிகம் பிடித்த நாளில் அதிகம் கட்டு, பிடிக்காத நாளில் கட்ட வேண்டாம். அந்த மாதிரிச் சங்கங்கள் பெருகி 1980-ல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு உருவானது. கன்னியாகுமரி மாவட்டத்திலும் வேர் பிடித்தது. விற்பனையோடு கடனையும் சேர்த்தே கையில் எடுத்தார்கள். விற்பனையை மட்டும் எடுத்திருந்தால் ஒரு மழைக்காலம் தாண்டியிருக்காது.

இன்னொன்று நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தார்கள். காய்கறி போடுகிறவரை எப்படி வரவழைத்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அடையாள அட்டை கொடுத்தார்கள், கடைக்கு வாடகை இல்லை, தராசு அவர்களே தந்தார்கள், மூட்டையோடு வரப் பேருந்து வசதி செய்தார்கள், அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதிப் போட்டார்கள். விவசாயி நிலத்திலிருந்து புறப்படுகிற இடத்திலிருந்து ஒவ்வொரு தடங்கலாக எடுத்தார்கள். இடையில் ஆட்சி மாறிச் சந்தைகள் முடங்கி, 2006-க்குப் பிறகு மறுபடி உயிர் பெற்றன. இன்றும் விடியற்காலையில் கீரைக்கட்டோடு பெண்கள் வந்து இறங்குகிறார்கள்.

ஆன்லைனிலேயே ஜெயித்தவர்களைப் பார்த்தாலும் இதுதான். ஃப்ரெஷ் டு ஹோம் நிறுவனத்துக்கு முன்னோடியான ‘சீ டு ஹோம்’ என்ற தளத்தை 2012-ல் தொடங்கிய மேத்யூ ஜோசப், அதற்கு முன் பல வருஷம் மீன் ஏற்றுமதித் தொழிலில் இருந்தவர். மீன் பிடிக்கிறவர்களை அவருக்கு முன்பே தெரியும், அவர்களுக்கும் அவரைத் தெரியும். இணையதளம் அதன் மேல் வந்தது.

என் அனுபவத்தில் எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு வழி கிடைத்தது. பெரிய படகுக்காரர்களைத் துரத்திக்கொண்டிருந்த என்னை ஒருநாள் இடமணியிலிருந்து வந்த ஓர் இருளர் ஆயா நிறுத்தினார். “என் இறாலை வாங்க மாட்டியா?” என்று கேட்டார். இடுப்பளவு தண்ணீரில் குனிந்து நகர்ந்து, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிக்கிறவர்கள் அவர்கள். ஓலையில் முடைந்த பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, பிடித்ததை அதற்குள் போடுவார்கள். அவர் பறியைக் கவிழ்த்தார். ஒன்றே முக்கால் கிலோ. ஒவ்வொன்றும் மீசை முறியாமல் இருந்தது, வலையில் நசுங்காத இறால். அவர் உள்ளங்கையைப் பார்த்தேன். சிப்பி கிழித்த தழும்புகளுக்கு மேல் இறால் கொம்பு குத்திய புதுக்காயம்.

அவருக்கு அட்வான்ஸ் கொடுக்க யாரும் முன்வந்ததில்லை. அதனால் அவர் யாருக்கும் கட்டுப்பட்டவரும் இல்லை. விலை மட்டும் மற்றவர்களைவிடக் குறைவாகக் கிடைத்துக்கொண்டிருந்தது. அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. முதலில் வரக்கூடியவர்கள் அதிகம் பிடிக்கிறவர்கள் இல்லை. நோட்டில் பெயர் இல்லாதவர்கள். இந்த ஆயாக்கள், நண்டுக் கூடு போடுகிற பையன்கள், கணவன் இறந்த பிறகு தானே துடுப்புப் போடுகிற அக்காக்கள்.

கம்பெனியிடம் சொன்னேன். ஒரு சப்ளையர் குறைந்தது பத்து கிலோ போட வேண்டும், ஸ்மார்ட்போன் வேண்டும் என்றார்கள். பத்துப் பேர் இறாலை ஒரே பெயரில் சேர்த்துப் போட அனுமதி கேட்டேன். கணக்கு இடம் கொடுக்காது என்றார்கள். சில வாரத்தில் நான் வெளியே வந்துவிட்டேன். அவர்களும் கொஞ்ச நாளில் எங்கள் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

இப்போது பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து துறையில் ஓர் ஐஸ் பெட்டியும் எலெக்ட்ரானிக் தராசும் வைத்திருக்கிறோம். எடை காட்டும் பக்கம் விற்க வருகிறவரைப் பார்த்துத் திரும்பியிருக்கும். கிலோவுக்கு எத்தனை இறால் என்கிற கவுண்ட் எண்ணுவது அவர் கண்ணெதிரே. காசு உடனே. பொன்னேரியில் இரண்டு ஓட்டல், சென்னையில் சில அடுக்குமாடிக் குடியிருப்புகள், ஒரு வாட்ஸப் குழு, இதுதான் எங்கள் ஆன்லைன் சந்தை. ஆர்டருக்கு மேல் வந்தாலும் எடுத்துக்கொள்வோம். மிஞ்சியதை உரித்து ஊறுகாய் போடுகிறோம், கருவாடாகக் காய வைக்கிறோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு எண்ணூரில் எண்ணெய் பரவியபோது, பழவேற்காட்டு இறாலையும் வேண்டாம் என்று எங்கள் வாட்ஸப் குழுவில் பாதிப் பேர் ஒதுங்கினார்கள். அந்த மூன்று வாரமும் வந்த சரக்கை எடுத்தோம். சேமிப்பு காலியானது. ஆனால் தையில் எங்கள் பெட்டிக்குப் புதிதாக ஒன்பது பேர் வந்தார்கள். நாங்கள் யாரையும் கூப்பிடவில்லை.

எங்களுக்கு இருக்கிற எல்லை கடன். ஒரு வலைக்காரரை நோட்டிலிருந்து மீட்கிற அளவு பணம் பன்னிரண்டு பெண்களிடம் இல்லை. அரசு இங்கேதான் கைகொடுக்க வேண்டும். விவசாயிகளுக்கான கிசான் கடன் அட்டையை 2018-19 பட்ஜெட்டில் மீனவர்களுக்கும் நீட்டித்தார்கள். ஒழுங்காகத் திருப்பினால் 4 சதவீத வட்டி. ஏரியில் கையால் இறால் தடவுகிற பெண்ணிடம் படகுப் பதிவுச் சான்றைக் கேட்காமல், இவர் இந்தத் துறையில் இத்தனை மாதம் சரக்குப் போட்டிருக்கிறார் என்கிற எங்கள் எடைச் சீட்டை ஆதாரமாக எடுத்துக்கொண்டால் அந்த அட்டை எங்கள் ஊருக்குள் வரும். 2024 பிப்ரவரியில் மத்திய மீன்வளத் துறை ஓஎன்டிசி என்ற திறந்த வணிகத் தளத்தோடு ஒப்பந்தம் போட்டது. வரவேற்கிறேன். அதற்குச் செலவிடும் பணத்தில் முதல் பங்கு திரையில் தெரிகிற கடைக்குப் போக வேண்டாம். துறையில் ஐஸ், எடை, தரம் பார்க்கத் தெரிந்த ஓர் உள்ளூர் ஆள், விற்காத நாளில் சரக்கைத் தாங்க ஒரு குளிர் அறை, இவற்றுக்குப் போகட்டும்.

போன மாதம் சென்னையிலிருந்து ஒரு தம்பி வந்தார். புதுச் செயலி, புதுக் கம்பெனி. மரியாதையான பையன், நாங்கள் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, போனை நீட்டிப் பொறுமையாக எல்லாம் விளக்கினார். பிறகு, “எத்தனை பேரைச் சேர்த்துக் கொடுக்க முடியும்க்கா?” என்று கேட்டார். பெயர்ப் பட்டியல் என்னிடம் இருந்தது. கொடுக்கவில்லை.

“புரட்டாசி சனிக்கிழமை எல்லாத்துக்கும் வேன் அனுப்புங்க தம்பி. அன்னிக்கு இன்னா வருதோ, எவ்ளோ வருதோ, எடுத்துக்குங்க. ஐப்பசி பொறந்ததும் நானே உங்களக் கூட்டிக்கினு வீடு வீடா வரேன்” என்றேன்.

அவர் காலண்டரில் தேதிகளைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். கேட்டுச் சொல்கிறேன் என்றார். புரட்டாசி பிறக்க இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. மாமாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை.